என் நெஞ்சிலிருந்து எடுத்தது

அன்புள்ள செந்தில்,

நேற்று நீ போனில் அழுதாய். உன் அம்மா போன நாளுக்குப் பிறகு நீ அழுது நான் கேட்டதில்லை. ஜெர்மனிக்குப் போக முடியாது என்று கம்பெனியில் சொல்லப் போவதாகச் சொன்னாய். வேண்டுமானால் பெங்களூர் வேலையையே விட்டுவிட்டு திண்டுக்கல்லுக்கு வந்து என்னோடு இருந்துவிடுவதாகவும் சொன்னாய். "அவசரப்படாதே" என்ற ஒரு வார்த்தையோடு நான் போனை வைத்துவிட்டேன். வாயில் வராதது பேனாவிலாவது வருகிறதா என்று பார்க்க உட்கார்ந்திருக்கிறேன். திங்கட்கிழமை நீ பதில் சொல்லியாக வேண்டும் என்றாய். அதற்குள் இது கூரியரில் உன் கைக்கு வந்துவிடும். முதலில் இதைத் தெரிந்துகொள். எனக்குப் புற்றுநோய் இல்லை. வேறு எந்த நோயும் இல்லை. நான் சாகப் போவதில்லை. மதுரையில் என் நெஞ்சிலிருந்து எடுத்தது கட்டி அல்ல, கொழுப்பு. நானே பணம் கட்டி, நானே போய்ப் படுத்து, எடுத்துவிடுங்கள் என்று சொல்லி எடுத்துக்கொண்ட வெறும் கொழுப்பு. லைப்போசக்ஷன் என்று பெயர். சினிமாக்காரர்கள் செய்துகொள்வது என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இப்போது நீ இந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு நிமிடம் எழுந்து நடப்பாய், எனக்குத் தெரியும். நடந்துவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

என் மார்பு மற்ற ஆண்களின் மார்பு போல இருந்ததில்லை. பதின்மூன்று, பதினான்கு வயதில் பையன்களுக்குக் குரல் உடையும். எனக்கு அதோடு நெஞ்சும் வளர்ந்தது. உடம்பு இளைத்தாலும் அது இளைக்கவில்லை. நான் என்னவெல்லாமோ செய்து பார்த்தேன். சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டேன், தோளைக் குறுக்கி நடந்தேன், புத்தகத்தை எப்போதும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன். நன்றாகப் படித்த பையன் என்று ஊரில் எனக்குப் பெயர் வந்ததற்கு அந்தப் புத்தகமும் ஒரு காரணம். ஆனால் வீட்டில் ஒளிய முடியுமா? உன் சித்தப்பா பாண்டிக்கு அப்போது எட்டு வயது இருக்கும். ஒரு நாள் நான் குளித்துவிட்டு வருவதைப் பார்த்துவிட்டு, "ஏ அக்கா!" என்றான். வீடே சிரித்தது. எங்கள் அப்பாவும் சிரித்தார். அன்று முதல் அவன் என்னை அண்ணே என்று கூப்பிட்டதே இல்லை. கடைத்தெருவில், கல்யாண வீட்டில், எங்கள் அப்பாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போன அன்றைக்குக்கூட, "அக்கா, அந்தப் பக்கம் தோள் குடு" என்றான். அவனுக்கு அது பழகிவிட்டது. எனக்கும் பழகிவிட்டது என்று ஊர் நினைத்துக்கொண்டது. உன் சித்தப்பாவைத் தங்கமான மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களை யாரும் நாற்பது வருடம் அக்கா என்று கூப்பிட்டதில்லை.

நீ சின்னப் பையனாக இருந்தபோது குஜிலியம்பாறைப் பக்கம் உன் அம்மா ஊர்க் கிணற்றில் உனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தது யார்? உன் சித்தப்பா. இடுப்பில் கயிறு கட்டி இறக்கினான். நான் மேலே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நீயும் வாப்பா" என்று நீ தண்ணீரிலிருந்து கத்தினாய். எனக்கு நன்றாக நீந்தத் தெரியும், செந்தில். உன் சித்தப்பாவுக்கே கற்றுக்கொடுத்தவன் நான்தான். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு நீ அவன் தோளில் ஏறிக்கொண்டு ஈரத்தோடு வந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அதை அவன் கணக்கில்தான் இத்தனை வருடமும் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீ இதைக் கேட்டு அதிர்ந்து போவாய். நான் நாத்திகன் இல்லை. திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது உனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் உன் அம்மா வீட்டாரோடு போனோம். வாசல் வரை போய்விட்டு, "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் பைகளைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். உன் தாய்மாமன் அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை பகுத்தறிவுவாதியாம். அதன்பின் அந்தப் பெயரைக் காப்பாற்ற நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. எந்தக் கோயிலுக்கும் போக முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்றால் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள், போய்ப் பேசினேன். வரலாற்று வாத்தியாருக்கு மேற்கோளுக்கா பஞ்சம். உனக்கு அம்மா அந்தச் சாமியின் பெயரை ஆசையாக வைத்தாள். நீயோ என்னைப் பார்த்து வளர்ந்து, திருநீறு பூச மாட்டேன் என்று அவளிடம் சண்டை போட்டாய். நான் பெருமைப்படுகிறவன் போலச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்குத் திருச்செந்தூர் போய் அழ வேண்டும் போலிருந்தது. பஸ் ஏறி, கடற்கரை வரை போய், வாசலில் சட்டைப் பொத்தானில் கை வைத்தபடி நின்றேன். நல்ல கூட்டம். அப்படியே திரும்பி வந்துவிட்டேன். உன் கொள்கையை நீ வைத்துக்கொள். அது உன்னுடையதாக இருந்தால் நல்ல கொள்கைதான். என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதாக இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று இப்போது உனக்குத் தெரியும்.

இத்தனை வருடம் பொறுத்தவன் ஐம்பத்து மூன்று வயதில் ஏன் போய்ப் படுத்தேன் என்று கேட்பாய். உன் நிச்சயதார்த்தம்தான் காரணம். நிலக்கோட்டையில் வனிதா வீட்டில் தட்டு மாற்றப் போகிற நேரம். அம்மா இல்லாததால் தட்டை நான் வாங்கக் கூடாது, தம்பதியாகத்தான் வாங்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். உன் சித்தப்பாவும் சித்தியும் முன்னால் போய் நின்றார்கள். அதையும் நான் பொறுத்துக்கொண்டேன். வெயிலில் என் பட்டுச் சட்டை வியர்த்து ஒட்டியிருந்தது. சம்பந்தி மரியாதைக்கு, "மாப்பிள்ளையோட அப்பா எங்க, அவரக் கூப்பிடுங்க" என்றார். உன் சித்தப்பா தட்டைப் பிடித்துக்கொண்டே கூடத்துக்கே கேட்கிற மாதிரி, "ஏ அக்கா, ஒன்னயத்தான் தேடுறாக, முன்னால வா" என்றான். பெண் வீட்டார் புரியாமல் என் முகத்தைப் பார்த்தார்கள். அப்புறம் சட்டையைப் பார்த்தார்கள். அப்புறம் புரிந்தது. யாரோ ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் உன்னைப் பார்த்தேன். நீயும் சிரித்துக்கொண்டிருந்தாய். பெரிய சிரிப்பு இல்லை. உதட்டோரத்தில் கொஞ்சம். அந்தக் கொஞ்சம்தான் என்னை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனது. தை மாதம் உன் கல்யாணப் பந்தலில் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

பேப்பரில் விளம்பரம் பார்த்துப் போனேன். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள். வாடகைக் கார் ஓட்டி வந்தவரைக் காட்டினேன். அவர் பாவம், என் தம்பி என்று எங்கோ கையெழுத்துப் போட்டார். அக்குளுக்குப் பக்கத்தில் சின்னதாகத் துளை போட்டு, உள்ளே ஏதோ நீரை நிரப்பி, குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தார்கள். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் குடல் இறக்கம் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். உன்னிடமும் அதையேதான் சொன்னேன். சின்ன ஆபரேஷன், நீ லீவு போட்டு வராதே என்றேன். நீயும் வரவில்லை.

எடுத்துவிட்டால் தட்டையாகிவிடும் என்று நினைத்திருந்தேன். முதலில் வீங்கத்தான் செய்யும் என்று டாக்டர் சொன்னது என் காதில் ஏறவில்லை. முன்பு இருந்ததைவிடப் பெரிதாக, தொட்டால் மரத்துப்போய், வயிறு வரை கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போய்க் கிடந்தேன். துளைகளிலிருந்து ரத்தம் கலந்த நீர் கசிந்துகொண்டே இருந்தது. பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்து வைத்தேன். நனைந்ததை மாற்றினேன், மாற்றியது நனைந்தது. அதற்கு மேல் இறுக்கமான ஒரு உடுப்பை வாரக்கணக்கில், மாற்றும் நேரம் தவிரக் கழற்றாமல் போட்டிருக்க வேண்டும். முன்பக்கம் வரிசையாகக் கொக்கி. கண்ணாடியில் பார்த்தேன். பெண்கள் போடும் ரவிக்கை மாதிரியே இருந்தது. வாழ்நாள் முழுக்க எதிலிருந்து தப்பிக்க நினைத்தேனோ, அதைக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டு கட்டிலில் மல்லாந்து கிடந்தேன். கரண்ட் போய்விடும். உடுப்புக்குள் வியர்வை ஊறி அரிக்கும். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது, தலை சீவ முடியாது. ஒரு கிளாஸ் வெந்நீர் வைத்துக் குடிக்கலாம் என்று நினைத்துவிட்டு, எழுந்திருக்கிற வலிக்குப் பயந்து குடிக்காமலே கிடப்பேன். வாசலில் யாராவது பேசிக்கொண்டு போனால் அந்தக் குரல் தெருமுனை போகிறவரை கேட்டுக்கொண்டிருப்பேன். இந்த வீட்டில் நாம் மூன்று பேர் இருந்தபோது இவ்வளவு அறைகள் இருந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

நம் ஊர்த் தண்ணீர் கதை உனக்குத் தெரியும். வருகிற அன்றைக்குப் பிடித்தால் உண்டு, இல்லையென்றால் அடுத்த முறை வரை காய வேண்டும். நான் குடம் தூக்கக் கூடாது. பக்கத்து வீட்டு நூர்ஜகான் அம்மாதான், "சார், தண்ணி வந்துருச்சு, நாங்க ரொப்பித் தாரோம், நீங்க படுங்க" என்று உள்ளே வந்தது. பின்கட்டில் வாளியில் ஊறிய ரத்தத் துணிகளையும், கொடியில் காய்ந்த மாற்று உடுப்பையும் பார்த்திருக்கிறது. நான் நெஞ்சைக் கையால் தாங்கிக்கொண்டு எழுந்ததையும் பார்த்திருக்கிறது. குடல் இறக்கத்துக்கு நெஞ்சில் ஏன் ரத்தம்? அந்த அம்மாவின் தங்கை மார்பில் கட்டி வந்து இறந்து போனவள். ஆம்பளைக்கும் வரும் என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னது ஞாபகம் இருந்திருக்கிறது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. குடங்களை நிரப்பி வைத்துவிட்டு, "அல்லா இருக்கான் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது. எதற்கு இப்போது அல்லா என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சும் மேஜையில் இடமில்லாமல் குவிந்தன. என்னோடு பேச்சை நிறுத்தியிருந்த தலைமையாசிரியர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். மாடி கட்டிய விஷயத்தில் சண்டை போட்ட எதிர் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து, "எல்லாம் மறந்துருங்க சார்" என்றார். நான் எதையும் மறக்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது. உன் சித்தி தூக்குவாளியில் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தாள். மேலே ஒரு விரல் கனத்துக்குக் கொழுப்பு மிதந்தது. "நல்லாக் குடிங்க மாமா, ரத்தம் ஊறணும், ஒடம்பு தேறணும்" என்றாள். குடித்தேன். வேறு என்ன செய்ய? மதுரையில் எடுத்ததையெல்லாம் உன் சித்தி தூக்குவாளி தூக்குவாளியாகத் திருப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பின்னால் உன் சித்தப்பா வந்தான். மொட்டைத் தலை, சந்தனம் பூசியிருந்தது. பழனியிலிருந்து நேராக வந்திருந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான், முகம் கோணியது. "எந்திரிக்காதண்ணே" என்றான்.

செந்தில், நாற்பது வருடத்துக்குப் பிறகு அந்த வார்த்தையைக் கேட்டேன். அவன் தலையணையைச் சரிசெய்தான். "செத்த நேரம் கண்ண மூடுண்ணே, நான் இங்கதான இருக்கேன்" என்றான். போகும்போது, "காலையில வாரேண்ணே" என்றான். அவன் போன பிறகும் அந்தக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டபடி கிடந்தேன். ஆபரேஷனுக்கு இவ்வளவு பலனா என்றுகூட நினைத்தேன். அவனுக்கு எப்படித் தெரிந்தது, யார் சொன்னது, எதற்கு மொட்டை என்று யோசிக்கவே தோன்றவில்லை. தோன்றாமல் இருக்கட்டும் என்று நானே வைத்துக்கொண்டேனோ என்னவோ.

போன வாரம் சம்பந்தி வந்தார். ஒரு கூடை மல்லிகையை எதற்கென்று தெரியாமல் கொண்டுவந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் அம்மா படத்துக்குக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் பூ விலை பேசினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "தை வரைக்கும் எதுக்கு சம்பந்தி, ஆவணியிலயே முடிச்சுருவமே. நீங்க கண்ணால பாக்கணும்ல" என்றார். அப்போதுதான் எல்லாம் விளங்கியது. நான் செத்துப்போனால் உன் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போகும். அதற்கு முன் தாலி கட்டிவிட வேண்டும். அவர் மேல் கோபம் வரவில்லை. பெண்ணைப் பெற்றவர், அப்படித்தான் யோசிப்பார். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். காரணம் வெட்கம் மட்டும் இல்லை. மறுநாள் காலையில் உன் சித்தப்பா வருவான், அண்ணே என்பான். உண்மையைச் சொன்னால் அது போய்விடும். அதற்காக உன்னை அழ விட்டேன். உன் ஜெர்மனி என் கையில் இருக்கிறது என்று நேற்று நீ சொல்கிறவரை எனக்கு உறைக்கவில்லை.

இன்று காலை அவனிடம் சொல்லிவிட்டேன். அவன் எனக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தான்.

"பாண்டி, எனக்கு வியாதி ஒண்ணும் இல்ல. நெஞ்சுல இருந்த கொழுப்பத்தான் எடுத்தேன்."

"கொழுப்பா?"

"ஆமா."

"கட்டி கிட்டி ஒண்ணும் இல்லையா? டெஸ்ட்டுக்கு அனுப்புனாகளா?"

"அனுப்பறதுக்கு ஒண்ணும் இல்லடா. அழகுக்குப் பண்றது."

அவன் டம்ளரை வைத்துவிட்டு மொட்டைத் தலையைத் தடவினான். "படிக்குப் படி சூடம் ஏத்திக்கிட்டே ஏறுனேன். முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு" என்றான். அப்புறம், "ஏன் இப்புடிப் பண்ணுன?" என்றான்.

"நிச்சயதார்த்தத்துல நீ கூப்பிட்டதுக்கு."

அவனுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. சத்தியமாக அவனுக்கு ஞாபகமே இல்லை. நான் நாற்பது வருடம் சுமந்ததை அவன் ஒரு நாளும் சுமக்கவில்லை. புரிந்ததும் சிரிப்பான் என்று எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவன் கத்தினான். "அதுக்கு என்னைய ஓங்கி ஒரு அறை விட்டுருக்கலாம்ல? அன்னைக்கே விட்டுருக்கலாம்ல? அதுக்குப் போயி மதுரையில ஒடம்பக் கிழிச்சுக்கிட்டு வருவியா? நீயெல்லாம் படிச்ச ஆளா?" செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். சாயங்காலம் தண்ணீர் வந்தபோது திரும்பி வந்தான். எல்லாக் குடத்தையும் நிரப்பினான். கிளம்பும்போது கேட்டருகே நின்று, "ஏ..." என்று ஆரம்பித்தான். அண்ணே என்றும் வரவில்லை, மற்றதும் வரவில்லை. "சோறு கொண்டாந்து தாரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனான். இனி என்னை எப்படிக் கூப்பிடப் போகிறான் என்று எனக்குத் தெரியாது. அவனை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். ஆனால் சூடம் ஏற்றி ஏறினவனைப் பழையபடி வெறுக்கவும் வரவில்லை.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாய், அதனால் ஒன்று சொல்கிறேன். உன் அம்மாவோடு இருபத்தைந்து வருடம் வாழ்ந்தேன். வெளிச்சத்தில் அவள் முன்னால் நான் சட்டையைக் கழற்றியதில்லை. அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எனக்குப் பனியன் எடுக்கப் போனால் தடித்த துணியாகப் பார்த்து வாங்கிவருவாள், அவ்வளவுதான். அதை அன்பு என்று நான் நினைத்திருந்தேன், அன்புதான். ஆனால் நான் ஒரு நாள் சொல்லியிருந்தால் அவள் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். அது என்னவாக இருந்திருக்கும் என்று இந்தக் கட்டிலில் கிடந்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. நீ வனிதாவிடம் எதையாவது மறைக்கிறாய் என்றால், அது உடம்போ வேறு எதுவோ, கல்யாணமான முதல் வருடத்திலேயே காட்டிவிடு. தள்ளிப்போட்டால் மறைப்பதே வேலையாகிவிடும். வேறு வேலைக்கு நேரம் இருக்காது.

நீ சிரித்ததைப் பற்றி எழுதிவிட்டேன், அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். நீயும் மன்னிப்பு கேட்டு எழுத வேண்டாம். ஜெர்மனிக்குப் போ. தையில் வந்து கல்யாணம் பண்ணிக்கொள். நாளைக் காலை நிலக்கோட்டை பஸ்ஸில் போய் சம்பந்தியின் பூக்கடையிலேயே அவரைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். பூ நிறுக்கிற தராசுக்காரர்களும் கேட்பார்கள். கேட்கட்டும்.

இதைப் படித்த பிறகு நீ போன் செய்வாய். ஜெர்மனிக்குப் போவதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டேன் என்பதை முதலில் சொல், மற்றதைப் பிறகு கேட்கலாம். மணி அடித்து நான் எடுக்காவிட்டால் உடனே வைத்துவிடாதே. கட்டிலிலிருந்து போன் வரை வர எனக்கு இன்னும் நேரம் பிடிக்கிறது. அடிக்க விடு. நான் வந்துகொண்டிருப்பேன்.

அப்பா